ஷாட்கன் ஸ்னாப், கார்டு தாமதமாக முழங்காலுக்குப் பாய்கிறார்: கொடி உண்டா?

கேள்வி:
அமெரிக்கன் ஃபுட்பால், ஹைஸ்கூல் ஆட்டம், என்எஃப்எச்எஸ் (அமெரிக்க ஹைஸ்கூல் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிகள், நான் அம்பயர். குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) ஷாட்கனில், அதாவது சென்டரை ஒட்டி நிற்காமல் ஐந்து யார்டு பின்னால். ஸ்னாப் (சென்டர் பந்தைப் பின்னால் தருவது) ஆனதும் லெஃப்ட் கார்டு (சென்டருக்கு இடப்பக்கம் நிற்பவர்) முதலில் நிமிர்ந்து பாஸ் பிளாக்குக்கு (பாஸ் எறிபவரைக் காக்க) நிற்கிறார், ஒரு நொடி கழித்து டிஃபென்சிவ் டேக்கிளின் (எதிரணியின் முன்வரிசைத் தடுப்பு வீரர்) முழங்காலைக் குறிவைத்துப் பாய்கிறார். இருவரும் ஸ்னாப்பின்போது லைனில் (இரு அணிகளும் எதிரெதிரே நிற்கும் கோடு) இருந்தவர்கள், மோதலும் லைனை ஒட்டியேதான். தவறு என்று கொடி வீசினேன். "ரெண்டு பேரும் ஸோனுக்குள்ளதானே இருந்தாங்க" என்று கோச் கடைசிவரை விடவில்லை. வீடியோ பார்த்த பிறகும் எங்கள் குழுவில் இரண்டு கட்சி. யாராவது விளக்குங்களேன்.

பதில் 1:
கோச் சொல்வது சரிதானே சார்? ஃப்ரீ பிளாக்கிங் ஸோன் என்பது பந்திலிருந்து இருபக்கமும் நான்கு யார்டு, லைனுக்கு முன்னும் பின்னும் மூன்று யார்டு. அதற்குள் லைன்மேனும் லைன்மேனும் மோதினால் இடுப்புக்குக் கீழே பிளாக் செய்யலாம்.

பதில் 2:
அது பாதி விதிதான். பந்து ஸோனைவிட்டு வெளியே போன நொடியில் ஸோனே இல்லாமல் போய்விடும், அதன்பிறகு யார் எங்கே நின்றார் என்ற கணக்கே வேண்டாம். குவார்ட்டர்பேக் ஐந்து யார்டு பின்னால், ஸோன் மூன்று யார்டோடு முடிகிறது, அப்படியென்றால் பந்து அவர் கைக்குப் போவதற்கு முன்பே கதை முடிந்தது. போதாக்குறைக்கு 2021 முதல், ஸ்னாப் ஆன உடனே செய்யும் முதல் அசைவாக இருந்தால்தான் கீழ் பிளாக் செல்லும். நிமிர்ந்து நின்று யோசித்துவிட்டுப் பாய்ந்தால் அது முதல் அசைவே இல்லை. 15 யார்டு தண்டனை, சந்தேகமே வேண்டாம். கார்டு கையை ஊன்றி நிற்கிறாரா, நிமிர்ந்தே நிற்கிறாரா என்று ஸ்னாப்புக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், நிமிர்ந்து நிற்பவர் ஷாட்கனில் சட்டப்படி கீழே போக நேரமே இருக்காது.

பதில் 3:
டெக்சாஸில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஹைஸ்கூலுக்கும் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுச் சங்கம்) விதிகள்தான். அந்த விதிகளில் ஸோனுக்குப் பதில் டேக்கிள் பாக்ஸ், சென்டரிலிருந்து இருபக்கமும் ஐந்து யார்டு. ஷாட்கனில் பந்து பின்னால் போனாலும் பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால் கணக்கே வேறு. கோச்சுகள் சனிக்கிழமை டிவியில் கல்லூரி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை நம்மிடம் சண்டைக்கு வருவது இதனால்தான்.

பதில் 4:
எல்லோரும் ஸோனையே பிடித்துத் தொங்குகிறீர்கள். சென்டர் என்ன செய்துகொண்டிருந்தார்? அவர் அதே டேக்கிளை மார்பில் பிடித்திருக்கும்போது கார்டு முழங்காலில் அடித்தால் அது சாப் பிளாக். ஒருவர் மேலே, ஒருவர் முழங்காலிலோ அதற்குக் கீழேயோ, நடுவில் இடைவெளி இருந்தாலும் சரி, ஸோனுக்குள் என்றாலும் தப்பு. அதுவும் 15தான், ஆனால் வெள்ளைத் தொப்பி ரெஃபரியிடம் சொல்லும்போது எந்தத் தவறு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கோச்சுக்குப் பதில் சொல்லவே முடியாது.

கேட்டவர்:
திரும்ப ஓட்டிப் பார்த்தேன். சென்டர் முதலில் டேக்கிளின் தோளில் ஒரு கை வைக்கிறார், அப்புறம் விட்டுவிட்டு லைன்பேக்கர் (லைனுக்குப் பின்னால் நிற்கும் தடுப்பு வீரர்) பக்கம் போய்விடுகிறார். கார்டு பாய்ந்தது அதற்குப் பிறகு.

பதில் 4:
தோளைத் தட்டிவிட்டுப் போனாரா, உண்மையில் பிளாக் செய்தாரா என்பதுதான் கேள்வி. பிளாக் என்றால் கையை எடுத்த பிறகு நடந்தாலும் சாப்தான். வெறும் தட்டல் என்றால் நான் சாப் கொடுக்க மாட்டேன், பதில் 2 சொன்ன தாமதமான கீழ் பிளாக்குக்கே கொடி. எப்படிப் பார்த்தாலும் உங்கள் கொடி நிற்கும்.