டிஷ் கனெக்டரில் திரும்பத் திரும்பப் பச்சைக் களிம்பு

நாகப்பட்டினத்தில் கடலுக்குக் கிட்டத்தில் வீடு. மொட்டை மாடியில் 60 செ.மீ. டிவி டிஷ், ஆர்ஜி6 எனும் டிவி கேபிள், எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் சிக்னலை வாங்கும் பெட்டி) முனையில் எஃப் கனெக்டர் (கேபிளைத் திருகி மாட்டும் உலோக முனை). போன ஐப்பசியிலிருந்து லேசாகத் தூறினாலே சிக்னல் போய்விடுகிறது. வெயில் காய்ந்தால் தானே திரும்புகிறது.

கழற்றினால் நடுக்கம்பியில் பச்சைக் களிம்பு. அலுமினியப் பின்னல் விரல் பட்டதும் வெள்ளைப் பொடியாய் உதிர்கிறது. அரையடி வெட்டிவிட்டுப் புதிய கம்ப்ரஷன் (கருவியால் அழுத்திப் பொருத்தும்) கனெக்டர் போட்டேன். மேலே சுற்றிய இன்சுலேஷன் டேப் இரண்டே மாதத்தில் பசை இளகி அவிழ்ந்தது. அடுத்து சிலிக்கான் பூசியதுதான் பெரிய தப்பு. புளித்த வாடை அடிக்கும் வகை அது, அந்த அமிலமே செம்பை அரிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் சொட்டிவிட கேபிளை வளைத்தும் தொங்கவிட்டாயிற்று.

உப்புக் காற்றில் வருஷக்கணக்கில் தாங்குவது எது: தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பா, உள்ளே பசையுள்ள, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயா?