ஸ்கூல் குடிதண்ணிக்கு யூவியா குளோரினா? கொஞ்சம் சொல்லுங்களேன்
வணக்கம் மக்களே, நாங்க கொஞ்ச பேரு வாலன்டியரா சேர்ந்து ஸ்கூல்களுக்கு குடிதண்ணி ஏற்பாடு பண்றோம். இப்ப எடுத்திருக்கற ஸ்கூல்ல போர் தண்ணிதான், டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு அளவு) மீட்டர் 400 சொச்சம் காட்டுது, உடனே ஆளாளுக்கு ஆர்ஓ (உப்பை வடிகட்டற மெஷின்) போடுங்கறாங்க, ஆனா அந்த மீட்டர் கிருமியையும் காட்டாது ஃப்ளோரைடையும் தனியா காட்டாது, அதனால முதல்ல லேப்ல குடுத்து ஈ.கோலை (மலம் கலந்திருந்தா காட்டிக்குடுக்கற கிருமி), ஃப்ளோரைடு ரெண்டும் பாக்கப்போறோம் (ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக்கூடாதுங்குது உலக சுகாதார நிறுவனம்).

கிருமி மட்டும்தான் பிரச்சனைன்னா யூவி (கிருமியக் கொல்ற புறஊதா விளக்கு) போதுமா? யூவி தாண்டி தண்ணி டேங்க்ல நின்னா திரும்ப கிருமி சேரலாம், குளோரின்னா மிச்சம் நின்னு காக்கும், ஆனா வாசனை வந்தா பசங்க குடிக்க மாட்டாங்க. அதைவிட தலைவலி, மாட்டிட்டு வந்தப்புறம் ஃபில்டர யாரு மாத்தறது? ஸ்கூல்ல இத ஓட்டிப் பழகினவங்க இருந்தா எப்படி சமாளிச்சீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ்.