‘அக்செப்டபிள் யூஸ்’: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

உவர்மலை, திருகோணமலை (வெள்ளி இரவு)

அனைவருக்கும் வணக்கம்.

என் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் தங்கள் செயற்றிட்டத் தளங்களை முகிலில் (கிளவுட், அதாவது இணையவழிச் சேவைக் கணினிகளில்) ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். போன வாரம் ஒரு பிள்ளையின் கணக்கு இடைநிறுத்தப்பட்டுவிட்டது. இலவச இடம் போதவில்லையென்று மூன்று மின்னஞ்சலில் மூன்று கணக்குத் திறந்திருக்கிறது. ஒருவருக்கு ஒரு இலவசக் கணக்குத்தான் என்று அந்தத் தளத்தின் நிபந்தனையில் இருக்கிறது. நீண்ட ஆங்கிலம், பிள்ளை வாசிக்கவில்லை. ஒரு தவணை உழைப்பு போய்விட்டதென்று அழுதுகொண்டு வந்து நின்றது.

அதனால் தமிழில் இரண்டு பக்கக் கையேடு எழுதுகிறேன். ‘டேர்ம்ஸ் ஒஃப் சேர்விஸ்’ என்பதற்குச் ‘சேவை நிபந்தனைகள்’ போதும். ‘அக்செப்டபிள் யூஸ்’தான், அதாவது தளத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பகுதிதான், முட்டுகிறது. ‘ஏற்றுக்கொள்ளத்தக்க பாவனை’ என்று எழுதினால் வாசிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. ‘அபியூஸ்’ என்பதற்குத் ‘துஷ்பிரயோகம்’ போட எனக்கு மனமில்லை. எங்கள் பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சிறுவர் துஷ்பிரயோகச் செய்திகளில்தான் கண்டிருக்கிறார்கள்.

சென்னை (சனி காலை)

டீச்சருக்கு வணக்கம். ‘பாவனை’ இங்கே பயன்பாடு ஆகாது. பாசாங்கு, நடிப்பு என்றுதான் படிப்போம். ‘ஏற்கத்தக்க பாவனை’ என்றால் ஒத்துக்கொள்ளக்கூடிய நடிப்பு! மென்பொருள் மொழிபெயர்ப்பில் நான் ‘ஏற்புடைய பயன்பாடு’ என்றே எழுதிவருகிறேன். முகிலுக்குப் பதிலாக மேகம் என்றால் இரு கரைக்கும் பொதுவாக இருக்குமே?

சாம்பல்தீவு (சனி நண்பகல்)

முகிலைத் தொடவேண்டாம். மேகம் வடசொல். முகில் தமிழ், பாடநூலிலும் இருக்கிறது. லகரம் றகரமாகி ‘முகிற்கணிமை’ என்று புணரும் அழகைப் பிள்ளைகள் இலக்கணப் பாடத்திலும் காட்டிப் படிக்கலாம்.

டீச்சர் கேட்ட சொல்லுக்கு வேர் ‘தகு’. தகுதி, தகவு, தகைமை, தக்கார் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்’ என்பது 114ஆம் குறள். ‘தகுபயன்பாடு’ என்றால் வினைத்தொகை. தக்க, தகுகின்ற, தகும் என்று முக்காலமும் அதற்குள் அடங்கும். நிபந்தனைக்கும் இந்த இயல்பு தேவைதானே? நேற்று ஏற்றிய கோப்புக்கும் நாளை ஏற்றப்போகும் கோப்புக்கும் ஒரே விதி. ‘சேவை’, ‘நிபந்தனை’ இரண்டையும்கூட நான் விடுவதாயில்லை. கோயிலில் இன்னார் இன்ன பணி செய்யவேண்டும் என்று கோணேசர் கல்வெட்டு என்ற நூல் முறை வகுத்துச் சொன்ன ஊர் இது. ‘பணிமுறை’ என்று ஏன் எழுதக்கூடாது?

கிண்ணியா (சனி இரவு)

ஐயா, வினைத்தொகை அழகுதான். ஆனால் 17 வயதுப் பிள்ளைக்கு அதை விரித்துச் சொல்லி முடிக்க முன்னம் கணக்கு மூடப்பட்டுவிடும். சேர்வர் வேலை செய்கிறவன் என்ற முறையில், பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம் என்று கேட்கிறேன்.

ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் மாதிரி நினைத்துப் பாருங்கள். மேல் வயல்காரன் இரவில் வாய்க்காலை மறித்துக்கொண்டால் கீழ்வயல் காயும். இலவச இடத்தில் கிரிப்டோ நாணயம் தோண்டுவதைப் பல தளங்கள் தடுப்பது இதனால்தான். ஒருவன் இயந்திரத்தின் செயலியை (புரொசஸரை) முழுதாக உறிஞ்சினால் பக்கத்தவன் தளம் திணறும். ஆனால் அளவு மட்டும் பிரச்சினையில்லை. எரிதம் (ஸ்பாம் மின்னஞ்சல்) அனுப்புவது, வங்கிப் பக்கம் போலப் போலிப் பக்கம் வைப்பது, மற்றவன் இயந்திரத்தில் திறந்த வாசல் தேடுவது, இவை கொஞ்சமாகச் செய்தாலும் குற்றம். அளவும் வேண்டும், ஒழுங்கும் வேண்டும். இரண்டையும் ‘முறை’ என்ற ஒரே சொல் தாங்கும். ‘முறையான பாவனை’ என்று வையுங்கள். அப்போது ‘அபியூஸ்’ தானாகவே ‘முறைகேடு’ ஆகிவிடும். அந்தச் சொல் எல்லாருக்கும் தெரியும்.

சென்னை (ஞாயிறு காலை)

முறைகேடு அருமை! அதை இன்றே எடுத்துக்கொள்கிறேன். இன்னும் சுருக்கி ‘முறைப்பயன்பாடு’ என்றால் என்ன?

உவர்மலை (ஞாயிறு காலை)

வேண்டாம் அண்ணா. இங்கே முறைப்பாடு என்றால் பொலிஸில் கொடுப்பது. அவசரத்தில் வாசிக்கும் பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொள்ளும்.

இன்னொரு சிக்கல். கிட்ஹப் பேஜஸ் என்ற தளச் சேவையில் ஒரு தளம் 1 ஜிபிக்கு மேல் போகக்கூடாது. மாதத்துக்கு 100 ஜிபி தரவுப் போக்குவரத்து என்பதை ‘சொஃப்ட் லிமிட்’, அதாவது தாண்டியவுடனே வெட்டிவிடாத எல்லை, என்கிறார்கள். ‘மென்வரம்பு’ சரியா?

மூதூர் (ஞாயிறு மதியம்)

வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு மென்வரம்பு என்றால் மழைக்கு ஊறி உடையப்போகிற வரம்பு. ‘நெகிழ்வான எல்லை’ என்று எழுதுங்கள் டீச்சர்.

சாம்பல்தீவு (ஞாயிறு மதியம்)

இதற்கு 475ஆம் குறளைப் போடலாம். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்.’ மயிற்பீலிதானே என்று ஏற்றிக்கொண்டே போனாலும் அச்சு முறியும். சின்னச் சின்னப் படங்களாக ஏற்றி 1 ஜிபியை நிரப்பும் பிள்ளைக்கு இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

உவர்மலை (ஞாயிறு இரவு)

குறள் முதற் பக்கத்திலேயே போகிறது ஐயா, மிக்க நன்றி. தலைப்பு ‘முறையான பாவனை’. கீழே சிறிய எழுத்தில் ‘ஏற்புடைய பயன்பாடு’, பிள்ளைகள் இணையத்தில் தேடும்போது கண்ணில் படுவதற்காக. முறைகேடு, நெகிழ்வான எல்லை இரண்டும் அப்படியே. காலையில் அச்சுக்குக் கொடுக்கவேண்டும். அந்தப் பிள்ளை மேலதிகக் கணக்குகளை மூடிவிட்டுத் தளத்தாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

சாம்பல்தீவு (ஞாயிறு இரவு)

திங்கட்கிழமைக்கு அது போகட்டும், டீச்சர். ‘பாவனை’க்கு என் சம்மதம் இல்லை என்பதை மட்டும் பதிந்துவைக்கிறேன். அடுத்த பதிப்புக்கு முன் ‘தகு’ பற்றி விரிவாக எழுதி அனுப்புவேன். கையேட்டில் எனக்கும் இரண்டு பிரதி எடுத்துவையுங்கள். பேரப்பிள்ளையும் ஏதோ தளம் வைத்திருப்பதாகச் சொன்னான்.