யூடியூப் சேனல் பேர்ல கிரிப்டோ காயின் விடலாம்னு ஒருத்தர் சொல்றாரு, பண்ணலாமா?

காவேரிப்பட்டணம்_காளை:
எல்லாருக்கும் வணக்கம். எருது விடும் விழா வீடியோ போடுற சேனல் வச்சிருக்கேன். பொங்கல்ல இருந்து சீசன் முடியற வரைக்கும் வியூஸ் பிச்சிக்கிட்டு போகும், பர்கூர் திருப்பத்தூர் வேலூர், அந்தப்பக்கம் குப்பம் வரைக்கும் பாக்குறாங்க, அப்பறம் மாங்கா சீசன் வந்துட்டா சேனல் படுத்துக்கும், யூடியூப் காசு வண்டி பெட்ரோலுக்குக் கூட காணாது. இப்ப பெங்களூர்ல இருந்து ஒருத்தர் டெலிகிராம்ல புடிச்சாரு. சேனல் பேர்ல சொலானாங்கிற கிரிப்டோ நெட்வொர்க்ல காயின் (நெட்டுல வாங்கி விக்கற டிஜிட்டல் காசு) விடலாம், சப்ஸ்கிரைபருங்க வாங்குவாங்க, சேனல் வளர வளர விலை ஏறும், ஒவ்வொரு டிரேடுக்கும் உங்களுக்கு கமிஷன்ங்கிறாரு. அடுத்த பொங்கலுக்கு பேர் போன காளைங்க பேர்லயும் தனித்தனியா விடலாமாம். லாஞ்ச் செலவுக்கு 60 ஆயிரம் கேக்குறாரு. ஒரு அக்ரிமெண்ட்டும் அனுப்பிருக்காரு, அதுல சேனல் பேரு, லோகோ ரெண்டையும் அவங்க கம்பெனிக்கு எழுதிக் குடுக்கணும்னு இருக்கு. இதெல்லாம் நெஜமா நடக்குதா இல்ல புருடாவா?

ஓசூர்_கோடர்:
நடக்குது ப்ரோ, புருடா இல்ல. ஜோரான்னு ஒரு தளம் இருக்கு, 2025ல இருந்து அதுல கிரியேட்டர் ப்ரொஃபைலே ஒரு காயின், மொத்தம் 100 கோடி காயின், அதுல பாதி கிரியேட்டருக்கு 5 வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா வரும். பம்ப் ஃபன்னு இன்னொரு காயின் தளத்துலயும் 2025 மே மாசத்துல இருந்து காயின் விட்டவங்களுக்கு டிரேடிங் கட்டணத்துல பங்கு குடுக்குறாங்க. அதனால கமிஷன்னு அவர் சொல்றது பொய் இல்ல. ஆனா அங்க காயின் உருவாக்க சில நிமிஷம் போதும், செலவும் சொற்பம், அப்ப 60 ஆயிரம் எதுக்குன்னு கேளு, பதில் எப்படி வருதுன்னு பாரு.

விஷயம் எங்க இடிக்குதுன்னா, "சேனல் வளந்தா காயின் ஏறும்"ங்கிறது. எப்படி ஏறும்? காயின் வச்சிருக்கவனுக்கு உன் விளம்பரக் காசுல ஒத்த ரூபா பங்கு கெடையாது, சேனல்லயும் உரிமை கெடையாது. அடுத்தவன் அதிக விலைக்கு வாங்குனா மட்டும்தான் முன்னாடி வாங்குனவனுக்கு காசு. மொதல்ல வாங்குறவனுக்கு அடிமாட்டு விலை, கடைசியா வர்றவன் தலையில மொத்தமும். மொதல்ல வாங்கப்போறது யாருன்னு நெனைக்கற, பர்கூர்காரனா, அந்த பெங்களூர் ஆளோட வாலட்டா (காயின் வைக்கிற கணக்கு)? அமெரிக்காவுல ஹெய்லி வெல்ச்னு ஒரு பொண்ணு, ஒரே வீடியோவுல ஃபேமஸ் ஆனவங்க, 2024 டிசம்பர்ல ஹாக்னு காயின் விட்டாங்க. மதிப்பு 49 கோடி டாலர் பக்கம் போச்சு, சில மணி நேரத்துல 90 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. அப்பறம் திட்டு தாங்காம மாசக்கணக்குல ஆளையே காணோம்.

பாலக்கோடு_பையன்:
ராயக்கோட்டை மண்டியில தக்காளி வெலை விழுந்தா சட்னியாவது அரைக்கலாம், இத வச்சு என்னா பண்றது 😂

மத்தூர்_ஆடிட்_ஆபீஸ்:
வரி பக்கம் சொல்றேன். 2022 ஏப்ரல் 1ல இருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அதுக்கு மேல செஸ்ங்கிற கூடுதல் வரி. வாங்குன விலையத் தவிர வேற எந்த செலவையும் கழிக்க முடியாது, அந்த 60 ஆயிரத்தையும் சேத்துதான் சொல்றேன். 2022 ஜூலையில இருந்து விக்கும்போதே புடிக்கிற 1 சதவீதம் டிடிஎஸ் வேற. இதுல ரொம்பப் பேருக்கு புரியாத இடம் நஷ்டம்: ஒரு காயின் நஷ்டத்த இன்னொரு காயின் லாபத்துல கழிக்க முடியாது. உங்க காயின்ல ஒருத்தருக்கு 20 ஆயிரம் நஷ்டம், பிட்காயின்ல 20 ஆயிரம் லாபம்னு வைங்க, கையில ஒண்ணுமில்ல, ஆனா பிட்காயின் லாபத்துக்கு முழு வரியும் கட்டணும். எருது விடும் வீடியோ பாக்குறவங்கள்ல எத்தன பேருக்கு இது தெரியும்?

காளை பேர்ல காயின்ங்கிற பேச்சே வேண்டாம்ங்க. கலெக்டர் அனுமதி வாங்கி நடத்துற விழா அது. எந்த காளை எத்தன செகண்டுல ஓடுச்சோ அத வச்சு காயின் ஏறி எறங்குனா பாக்குறவன் பந்தயம்னுதான் சொல்வான். பணம் கட்டி ஆடுற ஆன்லைன் கேமுக்கே 2025 ஆகஸ்ட்ல தடைச் சட்டம் வந்தாச்சு. அதுவும் இல்லாம மாட்டுக்காரங்க ஒத்துக்கணுமே.

காவேரிப்பட்டணம்_காளை:
மாட்டுக்காரங்க கிட்ட நான் பேசவே இல்லணா, கேட்டா அடிக்க வருவாங்க. ஆனா கிரிப்டோவ சொத்துன்னு மெட்ராஸ் ஐகோர்ட்டே சொல்லிடுச்சுன்னு அவர் லிங்க் அனுப்புனாரு, அது?

மத்தூர்_ஆடிட்_ஆபீஸ்:
2025 அக்டோபர் தீர்ப்பு, ஒருத்தரோட காயின் எக்ஸ்சேஞ்ச்ல (கிரிப்டோ வாங்கி விக்கற தளம்) முடங்கிப்போன கேஸ். வச்சிருக்கவருக்கு அதுல சொத்துரிமை உண்டுன்னு கோர்ட் சொல்லுச்சு. அதுக்கு விலை இருக்கும்னோ வாங்க ஆள் வருவாங்கன்னோ சொல்லல.

ஓசூர்_கோடர்:
60 ஆயிரத்த விட அந்த அக்ரிமெண்ட்தான் எனக்கு பயமா இருக்கு ப்ரோ. ரேலின்னு ஒரு தளம், கிரியேட்டருங்க காயின் விட்டு வந்தாங்க, 2023 ஜனவரியில இழுத்து மூடிட்டாங்க, காயின் வச்சிருந்த ரசிகருங்க அத வெளிய எடுக்க முடியாம நின்னாங்க. அங்க கூட கிரியேட்டருக்கு தன்னோட பேரு மிச்சம். உன் கேஸ்ல பேரும் லோகோவும் அவனுது. நாளைக்கு காயின் செத்தாலும் உன் பேர்ல இன்னொண்ணு விடுவான், உன் சேனல் மேலயே புகாரும் குடுப்பான். காயின் வேணுமா வேணாமான்னு மெதுவா யோசி, மொதல்ல பேர டிரேட்மார்க் பண்ணு. கிளாஸ் 41 (பொழுதுபோக்கு சேவைக்கான பிரிவு), தனிநபர் ஆன்லைன்ல போட்டா ஒரு கிளாஸுக்கு 4,500 ரூபா.

காவேரிப்பட்டணம்_காளை:
கையெழுத்து போடல. ஆனா லோகோவோட ஒரிஜினல் ஃபைல் கேட்டாரு, அத நேத்தே அனுப்பிட்டேனே?

ஓசூர்_கோடர்:
ஃபைல் போனா பரவால்ல, அதனால உரிமை போயிடாது. சேனல் மெயில்ல அவருக்கு ஏதாவது ஆக்சஸ் குடுத்திருக்கியா பாரு, யூடியூப் ஸ்டுடியோவுல பெர்மிஷன்ஸ் போனா லிஸ்ட் இருக்கும், மேனேஜர்னு யாராவது இருந்தா இப்பவே தூக்கு.