மறுமொழி: ‘கோல்டு வேப்பர்’ தமிழில் எப்படி?

அன்புள்ள ஐயா,

மண்ணில் பாதரசம் எவ்வளவு என்று அளக்கும் ‘கோல்டு வேப்பர்’ முறைக்கு நீங்கள் சொன்ன ‘தண்ணாவி’ காதுக்கு இனிமைதான், புணர்ச்சியிலும் குறையில்லை. ஆனால் எண்ணூரில் நான்கு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். நான்கு பேருமே தண்ணீர் ஆவி என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். ‘குளிர் ஆவி’ இன்னும் மோசம். ஒரு பையன் பேய்க்கதையா என்று கேட்டான்.

உண்மையில் அந்த முறையில் எதையும் குளிரவைப்பதில்லை. அத்திப்பட்டுப் பக்கம் எடுத்த மண்ணை நிழலில் உலர்த்திச் சலிக்கிறோம். (அவசரப்பட்டு 105 டிகிரி ஓவனில் வைத்தால் பாதரசத்தில் ஒரு பகுதி பறந்துவிடும்.) பிறகு இராசதிராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை) மிதமான சூட்டில் வைக்கிறோம். அமிலத்தில் பாதரசம் அயனியாகிவிடுவதால் அந்தச் சூட்டுக்குத் தாக்குப்பிடிக்கும். அப்புறம் ஸ்டேனஸ் குளோரைடு என்ற வெள்ளீய உப்பை விட்டால் அயனி மறுபடி உலோகமாகிறது. காற்றைக் குமிழிகளாக ஓட்டினால் ஆவியாகக் கிளம்பிக் கண்ணாடிக் குழாய்க்குள் வந்து சேரும். 253.7 நானோமீட்டர் ஒளி அதனூடே போகும்போது எவ்வளவு மங்குகிறதோ, அதை வைத்துத்தான் மண்ணில் எவ்வளவு என்ற கணக்கு.

ஈயத்தையோ காட்மியத்தையோ அணுக்களாகப் பிரிக்க 2,000 டிகிரிக்கு மேற்பட்ட சுடரில் காட்டுவார்கள். பாதரசத்துக்கு அது வேண்டாம். சும்மா விட்டாலே அணு அணுவாக ஆவியாகும். பெயரில் இருக்கும் ‘குளிர்’ இந்த ‘வேண்டாம்’தான். ஔவைப் பாட்டியிடம் கேட்ட சுட்ட பழம், சுடாத பழம் மாதிரி ‘சுடா ஆவி’ என்றால் என்ன?

---

> ‘சுடா ஆவி’ என்றால் என்ன?

தம்பி, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சுடாது என்றால் ‘ஒன்றும் செய்யாது’ என்றுதானே ஊரில் புரிந்துகொள்வார்கள்? மூச்சோடு உள்ளே போனால் நரம்பைக் கெடுக்கிற ஆவி அது. ‘சுடரிலா ஆவி’ என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

---

ஐயா, சரி, ‘சுடா’வைக் கைவிடுகிறேன். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நிலக்கரியில் துளியளவு பாதரசம் உண்டு, எரித்தால் புகையிலும் சாம்பலிலும் வெளியே வரும் என்று அனல்மின் நிலையச் சாம்பல் குட்டைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் துண்டறிக்கை எழுதுவது நான்தான். அதிலேயே ‘சுடாது’ என்று போட்டால் விளங்கிடும்!

‘சுடரிலா’விலும் ஒரு சிக்கல். மின்சாரத்தால் சூடேற்றும் கரிக்குழாயில் அணுக்களாகப் பிரிக்கும் கிராஃபைட் உலை முறையிலும் சுடர் கிடையாதே. ஆனால் உலைச்சூடு 2,000 டிகிரியைத் தாண்டும். இரண்டும் ஒன்றென்று மாணவர்கள் குழம்புவார்கள். சுடரும் இல்லை, உலையும் இல்லை, அறையில் இருக்கிற சூடே போதும் என்பதால் ‘அறைவெப்ப ஆவி முறை’ என்கிறேன். கொஞ்சம் நீளம், கவிதையும் இல்லை. ஆனாலும் விளக்கவுரை இல்லாமல் புரியும்.

அடுத்து ‘டைஜெஷன்’ இருக்கிறது, அதாவது மண்ணை அமிலத்தில் சூடாக வைக்கிறோமே, அந்த வேலை. ‘செரிமானம்’ வேண்டாம், மண்ணுக்கு ஏது வயிறு? ‘கரைப்பு’ என்றும் சொல்ல முடியவில்லை. இராசதிராவகத்தில் மணல் அப்படியே அடியில் கிடக்கிறது.