குழந்தைப் பருவம் பற்றி நியூ வேவ் பாட்டு: ஸ்னேர், பொம்மைக் கீபோர்டு, வரி அமைப்பு

ஹலசூர்_ஸ்டீரியோ:
பெங்களூரில் மூன்று பேர் சேர்ந்து குழந்தைப் பருவத்தைப் பற்றித் தமிழில் ஒரு நியூ வேவ் பாட்டு செய்கிறோம். 80களின் தொடக்க ஒலி வேண்டும். 150 பிபிஎம் (நிமிடத்துக்கு 150 அடி), ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் வேலை. ஸ்னேர் டிரம் "டப்" என்று அறுந்து நிற்காமல் ரிவெர்ப் (எதிரொலி) வால் நீள்கிறது. காசியோ பொம்மைக் கீபோர்டைக் கணினிக்கு ஒலி கொண்டுபோகும் இன்டர்ஃபேஸில் செருகினால் ஒலி மெலிந்து, பாதி காணாமல் வருகிறது. பல்லவி தாளத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறது. வழி சொல்லுங்கள்.

கேட்_திறந்தான்:
ரிவெர்ப்பைத் தனி டிராக்கில் போடுங்கள். வரிசை: ரிவெர்ப் (1.5 முதல் 2 நொடி), அழுத்தமான கம்ப்ரஸர் (சத்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பது), கடைசியில் ரீகேட் (ரீப்பரின் கேட், ஒலியைத் திறந்து மூடும் கதவு). ஸ்னேரிலிருந்து அந்த டிராக்குக்கு இரண்டு செண்டு (ஒலியின் நகலை அனுப்பும் வழி) வேண்டும். ஒன்று 1/2 சேனலுக்கு, அது ரிவெர்ப்புக்குப் போகும். மற்றொன்று 3/4க்கு. ரீகேட்டில் டிடெக்டர் இன்புட்டை (கேட் எதைக் கேட்டுத் திறக்க வேண்டும் என்பதை) ஆக்ஸிலரி என்று மாற்றினால், 3/4இல் வரும் வெறும் ஸ்னேர் அடிதான் கேட்டைத் திறக்கும். இதை விட்டுவிட்டால் கேட் ரிவெர்ப்பையே கேட்டுத் திறந்து மூடித் திணறும். வால் சில அடிகளில் நீளும், சிலவற்றில் குட்டையாகும்.

150 பிபிஎம்மில் அரை அடி 200 மில்லிசெகண்ட். கேட்டின் ஹோல்டு (திறந்திருக்கும் நேரம்) 170, ரிலீஸ் (மூடும் நேரம்) 15 வைத்தால் அடுத்த அரை அடிக்கு முன்பே மூடிவிடும். கம்ப்ரஸரைத் தவிர்க்காதீர்கள். 1979இல் லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஹியூ பேட்ஜம் இந்த ஒலியைப் பிடித்ததே டாக்பேக் மைக்கின் (கலைஞர் பேசுவதைக் கட்டுப்பாட்டறையில் கேட்க வைத்த மைக்) கடும் கம்ப்ரஷனோடு கேட்டையும் சேர்த்துத்தான். ஹைஹாட்டை மட்டும் இந்த ரிவெர்ப்புக்கு அனுப்ப வேண்டாம்.

எஸ்பிரோடு_வயர்:
கீபோர்டில் குறை இருக்காது, கேபிளைப் பாருங்கள். ஹெட்ஃபோன் அவுட் ஸ்டீரியோ. அதை ஸ்டீரியோ கேபிளால் ஒரே பேலன்ஸ்டு இன்புட்டில் செருகினால், இன்டர்ஃபேஸ் இடது வலதுக்கு உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். இரண்டிலும் ஒன்றாக இருக்கும் ஒலி அடிபட்டுப் போகும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டின் மின்னணுக் கடைகளில் 3.5 மி.மீ. ஸ்டீரியோவிலிருந்து இரண்டு 6.35 மி.மீ. மோனோவாகப் பிரியும் கேபிள் கேளுங்கள். இரண்டு லைன் இன்புட்டில் செருகி, கீபோர்டு வால்யூமைப் பாதியில் தொடங்குங்கள்.

அதன் மேல் டால் கோரஸ் எல்எக்ஸ் என்ற கோரஸ் (ஒலியை அகலமாக்கும் எஃபெக்ட்) பிளக்இன் போடலாம், இலவசம்தான். ஜூனோ 60 என்ற 80களின் சிந்தசைசரில் ஒரு குரலுக்கு ஒரே ஆஸிலேட்டர். அதன் அகலமெல்லாம் கோரஸ் தந்தது. பேஸில் மட்டும் போடக் கூடாது, அடித்தளம் ஆட்டம் காணும். கடைசியில் எல்லாவற்றையும் மோனோவில் ஒருமுறை கேளுங்கள்.

சந்தம்_பார்ப்போம்:
ஒரு பாரில் (நான்கு அடி) உள்ள எட்டு அரை அடிக்கும் அசைக்கு ஒன்று என்று நிரப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் நெடிலெல்லாம் குறிலாகிச் சொல் சிதையும். நெடிலுக்கும் ஒற்றோடு வரும் குறிலுக்கும் இரண்டு அரை அடி, தனிக் குறிலுக்கு ஒன்று என்று தொடங்குங்கள். உதாரணம்: "காகிதக் கப்பல் விட்ட வீதியில்".

முதல் பார்: கா 2, கி 1, தக் 1, கப் 2, பல் 2. இரண்டாவது பார்: விட் 3, ட 1, வீ 2, தி 1, யில் 1. "தக்" போன்ற இடங்களில் ஒன்றாகக் குறுக்கலாம், காது ஏற்கும். முக்கியமானது, 1ஆம் 3ஆம் அடிகளில் கா, கப், விட், வீ என்று கனமான அசைகள் விழுவது. "வீதியில்" இடத்தில் "தெருவில்" என்று போட்டுப் பாருங்கள், வலுவான அடியில் "தெ" என்ற தனிக் குறில் வந்து தடுக்கும்.

இந்த வகையில் தாளம் இயந்திரம் போல ஓட வேண்டும், குரல் நேராக நிற்க வேண்டும். ஏக்கத்தைக் கமகத்தில் காட்டினால் வேறு பாட்டாகிவிடும். சரணத்துக்கு ஈ மைனர், சி, ஜி, டி கார்டுகள். பல்லவியை சி-யில் தொடங்கி, ஜி-யைக் கடைசி பார் வரை ஒளித்து வையுங்கள்.

ஹலசூர்_ஸ்டீரியோ:
கேபிள்தான் காரணம், கண்ணாடி போலத் தெரிந்துவிட்டது. பல்லவியில் குழந்தைகள் குரலும் சேர்க்கலாமா?

சந்தம்_பார்ப்போம்:
பல்லவியில் வேண்டாம், என்ன உணர வேண்டும் என்று கேட்பவருக்குக் கட்டளையிடுவது போலாகும். பொம்மைக் கீபோர்டே அந்த வேலையைச் செய்யும். விளையாட்டுச் சத்தம் வேண்டுமென்றால் பெற்றோரிடம் அனுமதி வாங்கிப் பதிவுசெய்து, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, இடைஇசையில் 4 பார் மட்டும் வையுங்கள்.