மறு: முகப்பட ‘ரீடச்சிங்’ – மெருகேற்றல் வேண்டாம், ‘பின்னொப்பனை’ எப்படி?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். புகைப்பட நிலையப் பணியாளர்களுக்கான கையேட்டில் ‘ரீடச்சிங்’ என்பதற்கு, அதாவது எடுத்த படத்தில் முகத்தைத் தொட்டு மாற்றும் வேலைக்கு, என்ன சொல் இடலாம் என்று தொடங்கிய இழை இப்போது மெருகேற்றல், சீராக்கம், செப்பனிடல், மாசுநீக்கம், மீள்தொடுகை, நகாசு, திருத்தம், முகப்புனைவு என்று கிளைவிட்டு நிற்கிறது. பலருடைய சாய்வு மெருகேற்றல் பக்கம். நான் அதை எதிர்க்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

எளிதில் கழிபவற்றை முதலில் கழித்துவிடுவோம். ‘மீள்தொடுகை’ ஆங்கிலச் சொல்லின் எலும்புக்கூடு. தமிழ் மட்டும் அறிந்தவருக்கு அது எதையும் சொல்லாது. ‘செப்பனிடல்’ நல்ல சொல்தான். ஆனால் “கன்னத்தைச் செப்பனிடுக” என்று கையேட்டில் படித்தால் மாநகராட்சி லாரியும் தார் வாசனையும்தான் என் நினைவுக்கு வருகின்றன. ‘நகாசு’ எனக்கு மிகவும் பிடித்த சொல். வடமொழியா பாரசீகமா என்ற சண்டைக்கும் நான் வரவில்லை, நகைமேல் நுண்வேலை செய்யும் நம் பத்தர்களின் வாயில் புழங்கும் சொல் நம்முடையதே. இருந்தாலும் சவுகார்பேட்டைப் பட்டறையில் நகாசு வேலை செய்பவர், பார்ப்பவர் கண்ணில் அந்த வேலை பட வேண்டும் என்பதற்காகவே செய்கிறார். முகப்படத்தில் கை வைப்பவருக்கோ, கை வைத்தது தெரிந்தால் தோல்வி. 

‘திருத்தம்’ பற்றி முன்பு எழுதிய அம்மையார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முடிதிருத்தகம், புருவம் திருத்துதல், காடு திருத்திக் கழனியாக்குதல் என்று பிழைநீக்கத்துக்கு அப்பாலும் பரந்து நிற்கிற வினை அது. சிக்கல் வேறிடத்தில். தமிழ் இடைமுகம் உள்ள மென்பொருள்கள் பலவற்றில் ‘கோப்பு’க்கு அடுத்து ‘திருத்து’ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஒரே திரையில் ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை கொடுத்தால் பழகுநர் திணறுவார்.

இனி மெருகேற்றலுக்கு வருகிறேன். இழையில் ஒருவர் எழுதியது:

> மெருகேற்றல் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருப்பதைப் பளிச்சென்று காட்டுவதுதானே அந்த வேலை?

பளிச்சென்று காட்டுவது என்பதில்தான் என் தகராறு. மெருகு ஒரு பாராட்டுச் சொல். மெருகேறியது உயர்ந்தது, ஏறாதது மட்டம். குத்துவிளக்குக்கு இது பொருந்தும். முகத்துக்கு? சென்னையில் திருமண ஆல்பம் வடிவமைக்கும் கடைகளில் அரைநாள் உட்கார்ந்திருங்கள். “பெண்ணைக் கொஞ்சம் கலராகக் காட்டுங்கள்” என்ற கோரிக்கை காதில் விழாமல் நீங்கள் வெளியே வர முடியாது. நம் ஊரில் ‘கலர்’ என்றால் ஒரே கலர்தான். கறுப்பு அந்தக் கணக்கில் வராது. செய்கிறவருக்கு இது மிக எளிய வேலை. உலகின் எந்தப் பகுதி மனிதத் தோலாக இருந்தாலும் படத்தில் அதன் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சுப் பட்டையிலேயே விழுகிறது. ஆரஞ்சின் ஒளிர்வை மட்டும் ஏற்றினால் பட்டுப்புடவையின் நிறம் அதிகம் மாறாமல் முகமும் கையும் வெளுத்துவிடும். திரையில் ஒரு வழுக்கியை (ஸ்லைடர்) வலப்பக்கம் நகர்த்துவதோடு வேலை முடிந்தது. இதற்கும் ‘மெருகேற்றல்’ என்று பெயரிட்டால், மாநிறமும் கறுப்பும் மெருகில்லாத நிறங்கள் என்று நம் கையேடே அச்சிட்டுக் கொடுத்ததாகிவிடும். அழகூட்டல், சீராக்கம் ஆகியவற்றிலும் இதே குணம் ஒளிந்திருக்கிறது. முகம் முன்பு அழகில்லாமல், சீரில்லாமல் இருந்தது என்று அவை முடிவு செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகின்றன.

‘மாசுநீக்கம்’ இன்னும் மோசம். எது மாசு? நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஓரிடம் உண்டு. இடது கன்னத்தில் ஒரு மச்சம் என்று அதில் எழுதித்தான் ஆளை அடையாளம் காட்டுகிறோம். அதே மச்சத்தை மாசு என்று சொல்லி முதலில் துடைப்பது எப்படிச் சரியாகும்? உருவப்படத் தொழிலில் நல்ல கை என்று பெயரெடுத்தவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் தானாக மறையக்கூடியதை எடுத்துவிடலாம். பரு, கொசுக்கடி, சவரக் கீறல் போன்றவை இதில் சேரும். மறையாததை, அதாவது மச்சம், அம்மைத் தழும்பு, சிறு வயதில் விழுந்த வடு ஆகியவற்றை, உரியவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இந்த வழக்கத்தைக் கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும். சேர்க்கும் இயலின் தலைப்பிலேயே ‘மாசு’ என்று இருந்தால் உள்ளே எழுதுவதற்குப் பொருளே இல்லை.

கணினிக்கு முந்திய காலத்தில் இந்த வேலை எப்படி நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். முகத்தைத் தொட்டு மாற்றுவது 1990-இல் ஃபோட்டோஷாப் வந்தபோது தொடங்கியது போலச் சிலர் எழுதுகிறார்கள். மியூனிக்கைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல், 1855 பாரிஸ் கண்காட்சியில் ஒரே முகத்தைத் தொட்டதும் தொடாததுமாக இரண்டு படங்களாக வைத்துக் காட்டினார் என்பது புகைப்பட வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அதற்கு இரண்டே ஆண்டுகளில், 1857-இல், இங்கே மெட்ராஸ் புகைப்படச் சங்கம் தோன்றிவிட்டது. அதன் பின்னால் நின்றவர் அலெக்ஸாண்டர் ஹன்டர். 1850-இல் அவர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. ஆக, நம் ஊருக்கு இந்தக் கலை புதிதில்லை.

திருவல்லிக்கேணியில் பல ஆண்டுகள் நெகட்டிவ் தொட்ட பெரியவர் ஒருவர் தம் மேசையை இன்னும் வைத்திருக்கிறார். சாய்வான மரச்சட்டம், நடுவில் தேய்த்த கண்ணாடி, கீழே சன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிட ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி, தலைக்கு மேல் கறுப்புத் துணி. பென்சிலை உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தையல் ஊசி அளவுக்குக் கூராக்குவார்களாம். வழவழப்பான நெகட்டிவில் பென்சில் பிடிக்காது என்பதால் முதலில் ஒரு பசைநீரைப் பஞ்சால் தடவிக் காயவிட வேண்டும். பிறகுதான் காற்புள்ளி போன்ற மிகச் சிறிய கோடுகள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் கறுத்துத் தெரியும் கண்வளையம் அங்கே வெளிர்ந்து, கண்ணாடியாக நிற்கும். அதில் பென்சில் கரியை ஏற்றினால் அச்சில் அந்த இடம் வெளுக்கும். ஆகவே பென்சிலால் வெளுக்க மட்டுமே முடியும். எதையாவது கறுக்க வேண்டுமென்றால் கத்தி முனையால் நெகட்டிவைச் சுரண்ட வேண்டும். சுரண்டியது சுரண்டியதுதான், திரும்பி வராது. “அதனால் வெளுப்பதற்கே கை பழகிவிட்டது” என்றார். இன்றைய வழுக்கி ஏன் எப்போதும் வலப்பக்கமே நகர்கிறது என்பதற்கு இந்தக் கருவியின் சாய்வும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வாடிக்கையாளரின் ஆசையை விட்டுவிட்டுக் கருவியின் மேல் பழிபோடுகிறேன் என்று நீங்கள் சொன்னாலும் சரிதான்.

அவர் இந்த வேலையை ‘டச்சிங்’ என்றே சொல்கிறார். இதைக் கவனியுங்கள். கோடம்பாக்கத்தில் படப்பிடிப்புக்கு நடுவே ஓடிவந்து நடிகரின் நெற்றி வியர்வையை ஒற்றிப் பவுடர் வைப்பவரின் வேலைக்கு ‘டச்சப்’ என்று பெயர். படம் எடுக்குமுன் நடப்பது மேக்கப், இடையில் டச்சப், எடுத்தபின் டச்சிங். தொழிலாளர்கள் எவரையும் கேட்காமலேயே இவை மூன்றையும் ஒரே குடும்பமாகக் கருதி வந்திருக்கிறார்கள். மேக்கப்புக்கு நம்மிடம் ஒப்பனை என்ற நிலைபெற்ற சொல் இருக்கிறது. எனவே படம் எடுத்தபின் செய்யும் ஒப்பனையைப் ‘பின்னொப்பனை’ என்போம். செய்பவர் பின்னொப்பனைக் கலைஞர். வினையாக்கினால் பின்னொப்பனை செய்தல். ஒப்பனை செய்துகொள்பவரை யாரும் குறையுள்ளவர் என்று நினைப்பதில்லை. அது அவரவர் விருப்பம், அன்றைய நாளுக்கு உரியது, கலைத்தால் அடியில் முகம் அப்படியே இருக்கும். மென்பொருளில் அசல் அடுக்கை (லேயர்) தொடாமல் மேலே தனி அடுக்கில் வேலை செய்ய வேண்டும் என்று கையேட்டில் நாம் வற்புறுத்துவதும் இதைத்தான். இந்தச் சொல்லுக்கு வந்த ஒரு மறுப்பு:

> பின்னொப்பனை என்றால் தலைக்குப் பின்னால் பூ வைப்பது போல இருக்கிறதே!

சிரித்தேன். ஆனால் பின்னுரை, பின்னிணைப்பு, பின்னூட்டம் என்று எழுதும்போது யாருக்கும் பின்மண்டை நினைவு வருவதில்லை. பத்து முறை அச்சில் பார்த்தால் இதுவும் பழகிவிடும்.

இன்னொரு சோதனையும் வைக்கிறேன். பிரான்ஸில் 2017 அக்டோபர் முதல், விளம்பரங்களில் மாடல்களின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ காட்டும்படி படத்தை மாற்றியிருந்தால் அதை அறிவிக்கும் வரி ஒன்று படத்தோடு இருக்க வேண்டும். நார்வேயில் 2022 ஜூலை முதல் உடலின் வடிவம், அளவு, தோல் ஆகியவற்றில் கைவைத்த விளம்பரப் படங்களுக்கு அடையாளக் குறி கட்டாயம். இப்படி ஒரு விதி இங்கே வருகிறது என்று வையுங்கள். அண்ணா சாலை விளம்பரப் பலகையில், சிவப்பழகு தருவதாகச் சொல்லும் களிம்பின் படத்துக்குக் கீழே “மெருகேற்றிய படம்” என்று எழுதினால் அது எச்சரிக்கையா, இன்னொரு விளம்பரமா? “பின்னொப்பனை செய்த படம்” என்று எழுதிப் பாருங்கள். புகழவும் இல்லை, திட்டவும் இல்லை, நடந்ததைச் சொல்கிறது.

‘முகப்புனைவு’ தந்தவருக்கு: அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள், அதற்கு வேறிடம் காத்திருக்கிறது. குடும்ப அட்டையில் இருக்கும் தாத்தாவின் மங்கலான முகத்தை வெட்டியெடுத்து, அவர் வாழ்நாளில் அணியாத கோட்டும் டையும் போட்ட உடலில் பொருத்தி, பின்னால் நீலத் திரை விட்டு, மாலை போட மாட்டிவைக்கிறோமே, அது ஒப்பனையைத் தாண்டிய வேலை. சிறகு முளைத்த பெண், காட்டுக்குள் பாதி மரமாகிப்போன முகம் என்று இளைஞர்கள் செய்யும் கலையும் இவ்வகைதான். இவற்றையெல்லாம் ‘படப்புனைவு’ என்று சொல்லலாம். சங்க நூலான நெடுநல்வாடை, அணிகளைக் களைந்த அரசியைப் ‘புனையா ஓவியம்’ போன்றவள் என்கிறது. வண்ணம் தீட்டாமல் கோட்டளவில் நிற்கும் சித்திரம். படத்தின் மேல் ஏற்றுவதைப் புனைதல் என்று சொல்வதற்கு அவ்வளவு பழைய சான்று இருக்கிறது. இன்று புனைவு என்றால் கற்பனைக் கதை. இரண்டு பொருளும் இங்கே கச்சிதமாக உட்காருகின்றன. கை வைக்காத படத்துக்குப் ‘புனையாப் படம்’ என்ற சொல்லும் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது.

எல்லைக்கோடு எங்கே என்று கேட்பீர்கள். தாடையை ஒடுக்குவதும் மூக்கைக் கூராக்குவதும் என் கணக்கில் புனைவு. ஒப்பனைப் பெட்டியால் எலும்பை நகர்த்த முடியாது.

கருவிகளுக்கு வருவோம். 2000-இல் ஃபோட்டோஷாப்பின் ஆறாம் பதிப்பில் வந்த, முகத்தை மெழுகாக்கி இழுக்கும் ‘லிக்விஃபை’க்குத் ‘திரவமாக்கல்’ என்று வரைவில் இருக்கிறது. திரவமானால் வழிந்தோடிவிடும். ‘இளக்கல்’ போதும். ஏழாம் பதிப்பில் வந்த ‘ஹீலிங் பிரஷ்’ வேறொரு வேடிக்கை. ஓரிடத்துத் தோலின் நுண்மையை எடுத்து, வைக்கப்போகும் இடத்தின் நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் இசைய அது படியவைக்கிறது. புண்ணை ஆற்றுவதால் ‘ஆற்றுத் தூரிகை’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஒற்று மிகுந்ததால் அது அடையாற்றில் மிதக்கும் தூரிகையாகிவிட்டது. வினைத்தொகையில் ஒற்று மிகாது: ‘ஆற்றுதூரிகை’. மெய்ப்புப் பார்ப்பவர் பழக்கதோஷத்தில் ‘த்’ போட்டுவிடாமல் யாராவது காவல் இருக்க வேண்டும்.

‘ஃப்ரீக்வென்சி செபரேஷன்’ என்ற உத்திக்கு ‘அதிர்வெண் பிரிப்பு’ என்று இயற்பியல் பாடநூல் வழியில் போனது தவறில்லை. ஆனால் ஆல்பம் செய்பவருக்கு அது வானொலி போல ஒலிக்கும். நடப்பது இதுதான்: படத்தை இரண்டு அடுக்காக்கி, கீழடுக்கை மங்கலாக்கி நிறமும் நிழலும் மட்டும் அதில் தங்கச் செய்கிறோம், மேலடுக்கில் மயிர்க்கால், சுருக்கம், ரோமம் போன்ற நுண்மைகளை மட்டும் வைக்கிறோம். கண்ணுக்கடியில் உள்ள கருமையைக் கீழே சரிசெய்தாலும் மேலே தோல் தோலாகவே இருக்கும். பிளாஸ்டிக் பொம்மை முகங்கள் வருவது இந்தப் பிரிப்பைச் செய்யாமல் மொத்தமாக மங்கலாக்குவதால்தான். ‘நிறம்–நுண்மை பிரிப்பு’ என்று தலைப்பிட்டு, இயற்பியல் சொல்லை அடிக்குறிப்பில் தரலாம்.

அடுக்கின் ஒரு பகுதியை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் ‘மாஸ்க்’கைத்தான் எப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை. வரைவில் ‘முகமூடி’ என்று இருக்கிறது. “முகத்துக்கு முகமூடி இட்டு, முகமூடியில் முகத்தை மட்டும் வெளுக்கவும்” என்ற வாக்கியத்தை நம் கையேட்டின் நான்காம் இயலில் நானே படித்தேன். ‘மறைப்பு’ என்றால், கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும் என்ற அதன் இரட்டைக் குணத்தில் பாதிதான் வருகிறது. ‘மறைதிரை’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றுபவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள். தனிமடலில் அனுப்பினால் மற்றவர்கள் பார்க்க முடியாது.

அன்புடன்,
சென்னை – 5